கூடமாட ஒத்தாசை

"அந்தப் பொடவைய நெய்ஞ்சது நான்தான்னு உங்க வாயால சொல்லணுங்க, மொதலாளி."

சத்யப்ரியா இதைச் சொன்னபோது பன்னீர்செல்வம் கடைப்பாயில் முந்தியை விரித்து ஒரு பெங்களூர் வியாபாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். விரித்த கை அப்படியே நின்றது.

முதலாளியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நூல் முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்று சண்டை போடலாம், ஜரிகை கறுக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், தீபாவளிக்கு வேட்டி கேட்கலாம். யார் நெய்தது என்ற பேச்சை மட்டும் எடுக்கக்கூடாது. சத்யாவின் அம்மா அபிதகுசாம்பாள் அவளுக்குச் சோறு ஊட்டும்போதே இதையும் சேர்த்து ஊட்டியிருந்தாள். நெசவாளி என்றால் வீட்டு ஆம்பளை. மற்றவர்கள் கூடமாட ஒத்தாசை. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இதுதான் சட்டம்.

"இன்னாம்மா, டிகிரி வாங்கிகினு வந்து கேக்கற மொத கேள்வியே இதுவா?" என்றார் பன்னீர்செல்வம். வியாபாரியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். "அந்தப் பொடவ வித்துப்போயி எவ்ளோ நாளாச்சி. அதக் கட்டிகினு கல்யாணம் பண்ண பொண்ணு இந்நேரம் புள்ளையும் பெத்திருக்கும்."

அவர் தலைக்கு மேல் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட போட்டோவில் அந்தப் புடவை இருந்தது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. கரை நெடுக ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய வட்டங்கள். போளூர் பக்கத்துத் திருமலைச் சமணக் குகைக்குள் மங்கிக் கிடக்கும் ஒரு சித்திரத்தில் பார்த்துவிட்டு வந்து சத்யா வரைந்த வட்டங்கள். போட்டோவில் அந்தப் புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றவன் அவளுடைய அண்ணன் வெற்றிச்செல்வன். கைத்தறிக் கண்காட்சியில் இளம் நெசவாளர் பரிசு வாங்கியபோது எடுத்தது.

"எனக்கு வேலைக்கு வேணுங்க. காஞ்சிபுரத்துல நெசவு சொல்லிக் குடுக்கற எடத்துல ஆள் எடுக்கறாங்க. டிகிரி இருக்கணும், கோர்வை நெசவு தெரியணும். தெரியும்னு ஒரு மொதலாளி சொன்னா போதும்னாங்க. திங்கக்கெழம காலையில வரச் சொல்லிகீறாங்க."

"நான் சொல்லணும்."

"ஆமாங்க."

"வெற்றி பேர்ல பரிசு வாங்கிக் குடுத்தது நானு. அது பொய்யின்னும் நானே சொல்லணும்." அவர் முந்தியை மடிக்க ஆரம்பித்தார். "ஒண்ணு பண்ணு. உங்க நைனா என் எதிர்ல நின்னு, 'ஆமாங்க, என் பொண்ணுதான் நெய்ஞ்சது'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் பாரு, காஞ்சிபுரத்துக்கு நானே போன் போடறேன். ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு வரேன்ல? போளூர்க்காரங்க வெற்றியப் பாக்க வர்ற அன்னிக்கே கேட்டுக்குவமே."

எந்த நாளில் அப்பாவால் அந்த வார்த்தையைச் சொல்லவே முடியாதோ அந்த நாளைத்தான் அவர் பொறுக்கி எடுத்தார். வாய் நிறையப் புன்னகையோடு.

சத்யாவின் அப்பா துரைக்கண்ணுவுக்குத் தொழில் வழிவழியாக வந்ததில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். துரைக்கண்ணு அரை டிராயரோடு ஆரணிக்கு வந்து, பன்னீர்செல்வத்தின் அப்பா வீட்டுத் தறியில் பக்கத்தாளாகச் சேர்ந்து, அடி வாங்கித் தொழில் பழகி, கடைசியில் தனக்கென்று வீட்டுக்குள் ஒரு தறிக்குழி வெட்டிக்கொண்டார். தறி அவருடையது. அதில் நீள இழையாக ஏறும் பாவும், ஊடைப் பட்டும், ஜரிகையும் முதலாளியுடையவை. பாவு வராவிட்டால் தறி வெறும் மரம். அந்தப் பயம் அவர் முதுகெலும்புக்குள் ஏறி உட்கார்ந்து நாளாகிவிட்டது. பன்னீர்செல்வத்தின் வண்டிச் சத்தம் கேட்டாலே மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கி விட்டுக்கொள்வார்.

வெற்றிக்குத் தறியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆட்களைக் குறைத்தபோது அவனையும் குறைத்தார்கள். அந்த நேரத்தில்தான் போளூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா தங்கவேலு சொந்தமாகத் தறிகள் போட்டு நடத்துகிறவர். பரிசுப் போட்டோவைப் பார்த்துவிட்டு, 'அந்தக் கைதான் என் வீட்டுக்கு வேணும்' என்று ஆள் அனுப்பியிருந்தார். மகள் பெயர் கனிமொழி. இந்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய இடம் வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவும் சத்யாவுக்கும் தெரியும். தெரிந்துதான் கடைக்குப் போய்க் கேட்டாள். அவளை விரட்டியது வேறு ஒன்று.

இரண்டு நாளைக்கு முன்னால் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மேடம் போனில் பேசினார். நல்ல குரல். அவசரமில்லாமல் கேட்டார். "உங்களப் பத்திச் சொல்லுங்க. இதுவரைக்கும் என்னென்ன சாதிச்சிருக்கீங்க?"

கணக்கில் பட்டம் வாங்கியவள். கல்லூரி மேடையில் நின்று பேசியவள். பஸ்ஸில் உரசியவனைக் கன்னத்தில் அறைந்தவள். அவள் வாய் திறந்து சொன்னது இது: "வீட்ல தறி இருக்கு மேடம். கூடமாட ஒத்தாசை பண்ணுவேன்."

போனை வைத்த பிறகு மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்றாள். பன்னீர்செல்வம் அதைச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். அப்பா சொல்லியிருந்தால் சோற்றுத்தட்டைத் தள்ளியிருப்பாள். சொன்னது அவள் வாய். யாரைப் போய் அறைவது?

*

சனிக்கிழமை மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டுத் தறியில் இறங்கினாள். அம்மா வழக்கம்போல் வலது கைப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். கோர்வைப் புடவையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் இழையைச் சுமந்து ஓடும் தனித்தனி நாடா. நடுவில் இருப்பவர் உடல் நாடாவை எறிய, பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவை வாங்கி, இழையை இழையோடு கோத்துத் திருப்ப வேண்டும். ஒரு கோப்பு விட்டுப்போனால் கரைக்கும் உடலுக்கும் நடுவில் வாய் பிளந்துகொள்ளும்.

பலகையை இழுத்து அடித்துக்கொண்டே சத்யா முணுமுணுத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்.

"இன்னாடி தானா பேசிகினுகீற? பேய் கீய் அடிச்சிடுச்சா?"

"நான் இன்னா இன்னா பண்ணேன்னு சொல்லிப் பாத்துகினுகீறேன்."

"எதுக்கு?"

"யாராச்சும் கேட்டா சொல்றதுக்கு."

"யாரு கேக்கப்போறாங்க, கலெக்டரா?"

"நீயே கேளேன்."

அம்மா நாடாவைத் திருப்பி அனுப்பினாள். "சொல்லு, கேப்போம். நாடாவ மட்டும் நிறுத்தாத."

"நைனா வண்டில இருந்து வுழுந்து தோள்பட்ட எறங்கிப் போச்சே, அப்ப தறில பாதி பொடவ. மொதலாளி பாவ அறுத்து எடுத்துகினு போறேன்னு வந்து நின்னாரு. அன்னிக்கு ஸ்கூல் யூனிபார்மோட குழில எறங்கி உக்காந்தது யாரு?"

"நீதான். உக்காந்து இன்னா கிழிச்ச? ஒரு வெரக்கட நெய்யறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சி. பலகைய அடிடின்னா தாலாட்டுற மாதிரி ஆட்டிகினு இருந்த."

"ஆனா நெய்ஞ்சேன்ல?"

"நெய்ஞ்ச, நெய்ஞ்ச."

"அப்புறம் அந்த வட்டத்த கட்டம் போட்டு வரைஞ்சேன். மொதலாளி இன்னா சொன்னாரு? 'இதெல்லாம் கரையில நிக்காது, முறுக்கு மாதிரி கோணிக்கும்'னாரு."

"கோணிச்சிதுல்ல?"

"மொத தடவ கோணிச்சி. ஒரு ஜாண் ஜரிகைய இழை இழையா பிரிச்சேன். பிரிச்சா ஜரிக அறுந்துடும், வுட்டுடுன்னு நைனா கத்தினாரு. அறுந்துச்சா?"

அம்மா சிரித்தாள். வெற்றிலைக் கறை படிந்த பல் தெரிய, தோள் குலுங்க. "அறுவல. ஆனா நீ பிரிச்ச பிரிப்புல எனக்குத்தான் மயக்கமே வந்திச்சி. மூச்சு வுடாத, மூச்சுக் காத்து பட்டா இழை பறக்குதுன்னு என்னயே மெரட்டினியே! பெத்தவளப் பாத்து மூச்சு வுடாதன்னு சொன்ன ஒரே பொண்ணு நீதான்டி."

"பரீச்சைக்குப் படிச்சதும் இதே குழிலதான். நீ பொஸ்தகத்தத் தூக்கிப் புடிச்சிகினு இருப்ப, நான் படிச்சிகினே மிதிப்பேன்."

"தலகீழா புடிச்சிட்டேன்னு திட்டுவ."

"எம்மா, இதெல்லாம் நான் பண்ணதுதானே? நானா கற்பன பண்ணிகினு இல்லியே?"

அபிதகுசாம்பாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அதுல இன்னாடி சந்தேகம் உனக்கு? உன் கையிதான். நான் பாத்துகினுதானே இருந்தேன்."

"நீ பாத்துகினா இருந்த? கரை முழுக்க நீ கோத்தது."

"நான் எங்க நெய்ஞ்சேன்? நான் பக்கத்துல உக்காந்தவ."

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து," என்றாள் அம்மா. என்னவோ நேற்றைக்கு நடந்த மாதிரி. "மஞ்சக் கயிறு கூட காயல. உங்க நைனா நாடாவ எறிஞ்சாரு, நான் புடிச்சேன்."

"நாளைக்கு மொதலாளி எதிர்ல இதச் சொல்லும்மா."

அம்மாவின் முகம் மூடிக்கொண்டது. "வூட்டுக்குள்ள ஆயிரம் பேசுவோம். நாளைக்குக் காப்பி கொண்டாந்து வெச்சிட்டு உள்ள வந்துடணும் நீ. அண்ணன் வாழ்க்கையில கைய வெக்காத."

அன்று சாயங்காலம் வரை சத்யா மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முதலில் கூச்சமாக இருந்தது, யாரோ ஒருத்தியைப் புகழ்கிற மாதிரி. போகப் போகக் கூச்சம் கழன்றுவிட்டது. இவற்றைச் செய்தவள் வேறு எவளோ என்றால் அவள் காலில் விழுந்து கும்பிட்டிருப்போம். நாமே என்பதால் துடைப்பத்தோடு துடைப்பமாக மூலையில் சாத்தி வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. கோபம் வந்தது. அந்தக் கோபம் நன்றாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை விடியலில் புதுப் பாவைத் தெருவில் நீட்டினார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டிழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வைக்க வேண்டும். போளூர்க்காரர்கள் தெருவுக்குள் நுழையும்போதே பாவு கண்ணில் படட்டும் என்பது துரைக்கண்ணுவின் ஆசை. வானம் கறுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை.

கஞ்சி தடவி முடித்த நேரம் தூறல் விழுந்தது. ஈரத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பாவு முழுக்கப் பாழ். துரைக்கண்ணு தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெற்றி ஆற்காட்டுக்கு மக்கன் பேடா வாங்கப் போயிருந்தான்.

சத்யா கோலப்பொடிக் கையோடு ஓடி வந்தாள். "நடுவுல புடிக்காதீங்க! கோடியில இருந்து சுத்திகினு வாங்க! சின்னதுரை மாமா, அந்தக் கட்டைய வுட்டுடாதீங்க, தொய்ஞ்சா செத்தோம்! நைனா, நிக்காதீங்க, தார்ப்பாய எடுங்க, ஜல்தி!"

தெருவே அவள் குரலுக்கு ஓடியது. பக்கத்து வீட்டுச் சின்னதுரை பல்லில் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினார். பாவு சுருண்டு தார்ப்பாய்க்குள் போவதற்கும் மழை சடசடவென்று பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"நல்ல வேள," என்றார் துரைக்கண்ணு மூச்சு வாங்க. "ஆம்பளைங்க நாலு பேரு இருந்ததால தப்பிச்சோம்."

சின்னதுரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. சத்யா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

*

மழை விட்டதும் அவர்கள் வந்தார்கள். தங்கவேலு வெள்ளைச் சட்டையில் ஒல்லியாக இருந்தார். அவருடைய அக்கா ரங்கம்மாள் பருத்த உடம்பு; வந்தவள் நாற்காலியில் உட்காராமல் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை விட்டாள். பன்னீர்செல்வம் பின்னாலேயே வந்தார். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, மக்கன் பேடா. வாசலுக்குப் புது ஸ்கிரீன் துணி.

"எங்க வெற்றி கைய நம்பி நான் எந்த டிசைனும் குடுப்பேன்," என்றார் பன்னீர்செல்வம், பேடாவை வாயில் போட்டபடி.

"அந்தக் கையத்தான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள் ரங்கம்மாள். "தம்பி, தப்பா நெனைக்காத. உக்காந்து நாலு ஊடை போட்டுக் காட்டேன். எங்க தம்பி பொண்ணு கேக்கும்ல, எப்பிடி நெய்யறாருன்னு."

வெற்றி கையிலிருந்த பேடாவைத் தட்டிலேயே வைத்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு புது வேட்டியை இடுக்கிக்கொண்டு குழிக்குள் காலை விட்டான்.

மிதிகளைத் தொங்கவிடும் கயிற்றை நெய்கிறவரின் கால் நீளத்துக்குத்தான் கட்டுவார்கள். குட்டைக் காலுக்கு மேலே, நெட்டைக் காலுக்குக் கீழே. வெற்றி ஆறடி ஆள். அவன் மிதியில் கால் வைத்ததும் முழங்கால் இரண்டும் எழும்பி, துணி சுற்றும் மரத்தில் போய் இடித்தன. நகர்ந்து உட்கார்ந்தான். மறுபடியும் இடித்தன. ஸ்கிரீன் துணியிலிருந்து கேசரி முந்திரி வரை யோசித்த வீடு, கயிற்றை அவிழ்த்துக் கட்ட மறந்துவிட்டது. நெய்யாதவனுக்கு அது நினைவுக்கு வராது. நெய்கிறவளிடம் யாரும் கேட்கவில்லை.

ரங்கம்மாள் குனிந்து குழிக்குள் பார்த்தாள். "யாரு காலுக்குக் கட்டுன மிதி இது?"

பன்னீர்செல்வம்தான் முதலில் சுதாரித்தார். "தம்பி வளந்துட்டாரு போல!"

"அது... பொண்ணு சும்மா உக்காந்து பழகும்ங்க," என்றார் துரைக்கண்ணு. "கூடமாட ஒத்தாசை பண்ணும்."

சத்யா காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். போனில் தான் சொன்ன அதே வார்த்தை, அப்பாவின் வாயிலிருந்து, அதே பயந்த குரலில். அவளுக்கு எங்கிருந்து அது வந்தது என்று இப்போது தெரிந்தது. தட்டைத் தரையில் வைத்தாள்.

"மொதலாளி, எங்க நைனா வாயால வரட்டும்னீங்களே. வந்துடுச்சி, கேட்டுகினீங்களா?"

"சத்யா, உள்ள போ," என்றாள் அம்மா.

"போவமாட்டேன். அந்த மிதி என் காலுக்குக் கட்டினது. சும்மா இல்ல, ஸ்கூல்ல படிக்கறப்பலேருந்து. அந்தப் பரிசுப் பொடவைய நெய்ஞ்சது நான். வட்டம் நான் வரைஞ்சது, அது கோணிச்சப்ப பிரிச்சது நான், நிக்காதுன்னு இவரு சொன்னத நிக்க வெச்சது நான். காலையில தெருவுல பாவு நனையாம சுருட்டுனதும் நான்தான், ஆம்பளைங்க நாலு பேரு இல்ல. எங்க வூட்ல மொத மொதல்ல டிகிரி வாங்குனது நான், அதையும் இந்தக் குழில உக்காந்துகினுதான் வாங்குனேன். ஒத்தாசையாம்! எவனுக்கு ஒத்தாசை? எங்கண்ணன் ஆயுசுல ஒரு மொழம் நெய்ஞ்சதில்ல. எம்மா, நீ சொல்லு. கரை கோத்தது நீதானே? கூட உக்காந்தது நீதானே?"

அபிதகுசாம்பாள் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். "எனக்கு இன்னாடி தெரியும்," என்றாள். "நான் அடுப்பங்கரையில இருந்தவ."

நேற்று மத்தியானம் தோள் குலுங்கச் சிரித்த அதே வாய்.

ரங்கம்மாள்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாக உட்கார்ந்தாள். "உஸ், எதுக்கு இந்த ஆட்டம்? எனக்குத் தெரியும்மா. வாசல்ல நுழையும்போதே உன் வெரலப் பாத்தேன், காய்ப்பு கீது. எங்க வூட்லயும் இதே கதைதான். நான் நெய்யாததா? எங்க பொடவையெல்லாம் எங்க தம்பி பேர்லதான் போவுது. கனிமொழியும் நல்லா நெய்யும். நாளைக்கு இங்க வந்து நெய்ஞ்சா மாப்ள பேர்ல போவும். அதுக்கு இன்னா இப்ப? பையனுக்குக் குடியில்ல, நல்ல கொணம். எங்களுக்கு அது போதும். நீ வாய வெச்சிகினு சும்மா இருந்தா எல்லாம் நல்லபடியா முடியும்."

தங்கவேலு தலையாட்டினார். பன்னீர்செல்வமும். துரைக்கண்ணுவின் முகத்தில் உயிர் திரும்பியது.

அப்போதுதான் சத்யாவுக்கு விளங்கியது. இந்த அறையில் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தவர்களிடம் போய், தெரிந்ததைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். இவர்கள் சொன்னால்தான் தான் செய்தது செய்ததாகும் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறாள்.

குழிக்குள் இன்னும் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் சொன்னாள். "அண்ணா, கயித்த அவுத்து உன் காலுக்குக் கட்டி நெய்யக் கத்துக்கோ. இல்லன்னா கனிமொழி காலுக்குக் கட்டிக் குடுத்துட்டு, அவ பேரச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு பண்ணு."

*

அவர்கள் "தகவல் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். பன்னீர்செல்வம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "துரைக்கண்ணு, அந்தப் பாவு இப்பத்திக்கு ஏற வேணாம். யாருக்குக் குடுக்கறதுன்னு பாக்கறேன்."

அவர் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் துரைக்கண்ணு திரும்பினார். "தின்ற சோத்துல மண்ணப் போட்டுட்டியே! அந்த ஆளு பாவ எடுத்துகினு போனா இன்னா பண்ணுவே?"

"எடுத்துகினு போவட்டும் நைனா. அந்தக் கரைய வேற எந்த வூட்ல நெய்வாங்க? அவருக்கும் தெரியும். ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்துட்டுத் திரும்பக் கொண்டாந்து வெப்பாரு. ஆனா அப்ப நான் இருக்கமாட்டேன். அதுக்கு வழியப் பாருங்க."

"எங்கடி போவ? மொதலாளி சொன்னாத்தானே அங்க சேப்பாங்க?"

சத்யா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெருவில் தண்ணீர் தேங்கி வெயில் அடித்தது.

"மேடம், ஆரணி சத்யப்ரியா பேசறேன். ஞாயித்துக்கெழமல தொந்தரவு பண்றேன். அன்னிக்கு நீங்க கேட்டதுக்குத் தப்பா பதில் சொல்லிட்டேன். நான் நெசவாளி மேடம். கோர்வை நெய்வேன். சொந்தமா டிசைன் போடுவேன். கோணிச்சதப் பிரிச்சி நேராக்கத் தெரியும். எனக்காக எந்த மொதலாளியும் சொல்லமாட்டாங்க. நாளைக்கு ஒரு தறி குடுங்க, உக்காந்து காட்டறேன்."

"அப்படி வழக்கம் இல்லையேம்மா. நான் மட்டும் முடிவு பண்ற விஷயமில்ல."

"வழக்கம் இல்லன்னா பரவால்ல மேடம். காலையில வந்து நிக்கிறேன். வேணாம்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க."

உள்ளே வந்து பையில் இரண்டு சுடிதாரைத் திணித்தாள். காஞ்சிபுரத்தில் கூடப்படித்த சரண்யா வீடு இருக்கிறது, இன்றைக்குப் படுக்க இடம் கிடைக்கும். வேலை கிடைக்காவிட்டால்? அங்கே தறி வைத்திருக்கிற வீடுகள் இல்லையா? கூலிக்கு உட்காருவாள், தன் பெயரில்.

வெற்றி வாசற்படியில் வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். "போட்டோவுக்கு நின்னப்ப எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சி, சத்யா."

"கூச்சப்பட்டதோட வுட்டுட்ட இல்ல," என்றாள் அவள்.

அவன் தலை குனிந்தான். பிறகு நகர்ந்து வழி விட்டான்.

அம்மா தறிக்குப் பக்கத்தில், தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கரை நாடாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். மகள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டும் எழவில்லை.

"அங்க உனக்குப் பக்கத்துல யாருடி உக்காருவா?"

சத்யா நின்றாள். திரும்பவில்லை.

"எவளோ ஒருத்தி உக்காருவாம்மா. யாரு நெய்ஞ்சதுன்னு கேட்டா, அவ பேரையும் சேத்துச் சொல்லுவேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போகாமல் அதன் நடுவிலேயே நடந்து, பஸ் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் திரும்பினாள்.